ராத்திரிக் கடையில் கொரியன் சிக்கன்: மேலோடு நமத்துப்போகாமல் போடுவது எப்படி?

கறிக்கடையில் முதலில் சொல்ல வேண்டியது, "அண்ணே, தோல் உரிக்காம குடுங்க." பல கடைகளில் கேட்காமலே உரித்துவிடுவார்கள். தோலின் கொழுப்பு உருகி வழிந்து, மேல்மாவோடு சேர்ந்து மெல்லிய ஓடாக இறுகினால்தான் இது கொரியன் சிக்கன். சுத்தம் செய்தபின் 1 கிலோ நிற்கும் சின்னக் கோழியாகப் பார்த்து 12 துண்டு போடச் சொல்லுங்கள்.

துண்டுகளைத் துணியால் ஈரம் ஒற்றி, 12 கிராம் உப்பு, 1 டீஸ்பூன் மிளகுத்தூள், 1 டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது தடவி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிக்கன் 65 போட்டுப் பழகிய கை தானாகத் தயிருக்கும் மிளகாய்த்தூளுக்கும் நீளும். வேண்டாம். தயிர் மாவைக் குழைத்துவிடும். மிளகாய்த்தூள் இரண்டாம் பொரிப்பில் கருகிக் கசக்கும். காரமெல்லாம் சாஸில் வரட்டும்.

மேல்மாவுக்குக் கார்ன்ஃப்ளவர் 120 கிராம், பச்சரிசி மாவு 40, மைதா 40, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். கார்ன்ஃப்ளவர் என்றால் மளிகைக்கடை வெள்ளை மாவு, மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. தண்ணீர் விடாமல் துண்டுகளைப் புரட்டி அழுத்தி, வெள்ளைத் திட்டு ஈரம் வாங்கி மங்கும்வரை 10 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் மாவு எண்ணெயில் உதிர்ந்து அடியில் கருகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாவே நமத்துவிடும். இறுக்கமாக மூடும் டின்னில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

3 லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவை அரைக் கிலோவுக்கு மேல் போடக் கூடாது. கூட்டம் நிற்கிறதென்று அள்ளிப் போட்டால் சூடு இறங்கி, பொரிய வேண்டியது ஊறும். முதல் பொரிப்பு 160 டிகிரியில் 8 நிமிடம், தொடைக்கு 10. தடித்த துண்டின் நடுவில் தெர்மாமீட்டர் 75 காட்ட வேண்டும். எடுத்துக் கம்பி வலையில் பரப்புங்கள். டிஷ்யூ பேப்பரில் போட்டால் அடிப்பக்கம் வியர்க்கும். 10 நிமிடத்தில் உள்ளே இருக்கிற ஈரம் ஓட்டுக்கு வந்து சேரும். அந்த ஈரத்தை விரட்டத்தான் இரண்டாம் பொரிப்பு: 185 டிகிரி, 3 நிமிடம். காதைக் கொடுங்கள். சடசடவென்ற சத்தம் அடங்கி, குமிழி சிறுத்து, ஜல்லிக்கரண்டியில் துண்டுகள் ஒன்றோடொன்று மோதும்போது ஓடு போலக் கலகலத்தால் பதம்.

ராத்திரிக் கடைக்கு இந்த முறை வசதியானதும் இதனால்தான். முதல் பொரிப்பை முன்கூட்டியே முடித்துவிட்டால் சினிமா இரண்டாவது ஆட்டம் விட்டு வரும் கூட்டத்துக்கு நாலே நிமிடத்தில் தட்டு போகும். ஆனால் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, பொரிக்கும்போது இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், நடுப்பகுதி மறுபடி 75 தொட வேண்டும்.

சாஸுக்குக் கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) 3 டேபிள்ஸ்பூன், தக்காளி கெச்சப் 3, லிக்விட் குளுக்கோஸ் 4, சோயா சாஸ் 1, நசுக்கிய பூண்டு 1, தண்ணீர் 2. குளுக்கோஸ் பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும், பளபளப்பு அதில்தான். கோச்சுஜாங் புளிக்கவைத்த விழுது என்பதால் மிளகாய்த்தூளில் சர்க்கரை கலந்து ஈடுகட்ட முடியாது. சிறுதீயில் கிளறி, குமிழி தடித்து மெதுவாக வெடிக்கும்போது இறக்குங்கள். நீர்த்த சாஸ் ஐந்து நிமிடத்தில் ஓட்டின் மொறுமொறுப்பைக் கொன்றுவிடும். தட்டுக்குப் போகும் நொடியில்தான் புரட்ட வேண்டும்.

தொட்டுக்கொள்ள வெள்ளை முள்ளங்கி: அரைக் கிலோவைச் சின்னச் சதுரமாக நறுக்கி, தண்ணீர் 1 கப், வினிகர் அரை, சர்க்கரை அரை, உப்பு 1 டீஸ்பூன் கலந்து முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள். கொரியாவில் இந்தச் சிக்கனோடு பீர் குடிப்பார்கள், அந்த ஜோடிக்கே 'சிமெக்' என்று பெயர். நம்மூருக்குப் பன்னீர் சோடா.

பார்சலுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஆகாது. அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை குத்தி, சாஸைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.