புதிய டைவ் கம்ப்யூட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீருக்கடியில் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை படகில் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. பெட்டியைப் பிரித்து, மணிக்கட்டில் கட்டி, கடைக்காரர் வைத்துக்கொடுத்த அமைப்புகளை அப்படியே விட்டு இறங்கும் டைவர்களை அந்தமானிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பலர் நலமாக மேலே வருவது உடன் இறங்கும் வழிகாட்டியின் கவனத்தால்தான். வழிகாட்டி பக்கத்தில் இல்லாத ஒரு நாளும் வரும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கருவி தானாக அறிவது முக்கியமாக இரண்டு விஷயங்களை: சுற்றியுள்ள நீரின் அழுத்தம், கழிந்த நேரம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது, அளந்து பார்ப்பதில்லை. கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்காமல் மேலே வந்தால் அது உடலில் குமிழிகளாகி நோயை உண்டாக்கும். இன்று பல கருவிகளில் உள்ள கணக்கு, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மன் சூரிச்சில் உருவாக்கியதன் வழிவந்தது. அது உடலை 16 கற்பனைப் பகுதிகளாகப் பிரிக்கிறது. வேகமான பகுதி பாதி நிறைய சுமார் 5 நிமிடம் போதும். மிக மெதுவான பகுதிக்கு 635 நிமிடம் வேண்டும். நேற்றிரவு நீங்கள் தூங்கவில்லை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தினீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. சிலிண்டரில் என்ன வாயு இருக்கிறது என்பதும் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

சிலிண்டரில் ஒன்று, திரையில் ஒன்று

மிக ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. ஒருவர் நேற்று 32 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்றில்) டைவ் செய்தார். இன்று சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டரை எடுக்கிறார். கம்ப்யூட்டரில் நேற்றைய 32 அப்படியே இருக்கிறது. அவர் 30 மீட்டரில் இருக்கும்போது, நைட்ரஜனைப் பொறுத்தவரை அவர் காற்றில் சுமார் 24 மீட்டரில் இருப்பதாகவே கருவி எண்ணிக்கொள்ளும். அங்கே தங்குவதற்கு உண்மையில் இல்லாத கூடுதல் நிமிடங்களைத் திரையில் காட்டும். அலாரம் அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

தலைகீழாக நடந்தாலும் சிக்கல்தான். சிலிண்டரில் நைட்ராக்ஸ், கம்ப்யூட்டரில் காற்று என்றால் நைட்ரஜன் கணக்கு பாதுகாப்பான பக்கமே சாயும். ஆனால் ஆக்சிஜன் எச்சரிக்கை பொய்த்துவிடும். ஆக்சிஜன் அழுத்தத்தின் வழக்கமான வரம்பான 1.4 பாரை வைத்துப் பார்த்தால் 32 சதவீத நைட்ராக்ஸில் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. 36 சதவீதத்தில் 28 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காற்று என்று நம்பிக்கொண்டிருக்கும் கருவி இந்த ஆழங்களில் வாய் திறக்காது. ஆக்சிஜன் மிகையால் நீருக்கடியில் வலிப்பு வந்தால் மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழுந்து மூழ்கும் அபாயம் உண்டு.

ஆகவே சிலிண்டரில் உள்ள ஆக்சிஜனின் சதவீதத்தை நீங்களே அனலைசரில் அளந்து பாருங்கள். அளந்த கையோடு, அங்கேயே நின்று, அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் பதியுங்கள். பிறகு பதிந்துகொள்ளலாம் என்று விட்டால், படகில் பேச்சும் சிரிப்புமாக அது மறந்தே போகும். சில மாடல்கள் ஒரு நைட்ராக்ஸ் டைவ் முடிந்ததும் ஆக்சிஜனை 50 சதவீதம் என்று தாமாகவே மாற்றிக்கொள்ளும். அடுத்த டைவுக்கு நீங்கள் எண்ணைப் பதிய மறந்தால் உடனே உறைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் மாடல் என்ன செய்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அமைப்புகளில் கணக்கின் கண்டிப்பு அளவை யாரும் கவனிப்பதில்லை. ஷியர்வாட்டர் பெரக்ரின் என்ற மாடலில் இது குறைவு, நடுத்தரம், அதிகம் என்று இருக்கும். நடுத்தரம் என்பது 40/85. இதில் 85 என்பது, ப்யூல்மன் வகுத்த எல்லையின் 85 சதவீதத்தைத் தாண்டாமல் மேலே வர வேண்டும் என்பதைக் குறிக்கிறது. கூட வரும் நண்பரின் கருவி அதிக நிமிடம் காட்டுகிறதே என்று இதைத் தளர்த்துபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால், எந்தக் கருவி குறைவாகக் காட்டுகிறதோ அதன்படி இருவரும் மேலே வர வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், உடல் எடை கூடியவர்களும், தொடர்ந்து பல நாட்கள் டைவ் செய்பவர்களும் ஒரு படி கண்டிப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த கருவி அடி, பிஎஸ்ஐ அளவுகளில் காட்டக்கூடும். நம் பயிற்சி மீட்டரிலும் பாரிலும் நடக்கிறது. முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். உப்புநீரா நன்னீரா என்ற அமைப்பு காட்டப்படும் ஆழத்தைச் சுமார் 3 சதவீதம்தான் மாற்றும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் 'கேஜ்' என்ற முறையைத் தெரியாமல் தேர்ந்துவிடாதீர்கள். அதில் ஆழமும் நேரமும் மட்டுமே தெரியும், நைட்ரஜன் கணக்கே கிடையாது. சில மாடல்கள் அந்த முறையில் ஒரு டைவ் செய்தபின் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு வழக்கமான டைவ் முறைக்குத் திரும்ப மறுத்துவிடும். விடுமுறைப் பயணமே அதோடு போய்விடும்.

ஒரே இடத்தில் வேறொரு எண்

திரையில் பெரிதாகத் தெரியும் நிமிட எண், நேரே மேலே வருவதற்கு முன் இந்த ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. இதை நோ-டெகோ நேரம் என்கிறோம். அது 3, 2, 1 என்று குறைந்து 0 ஆகிறது. டைவர் அப்போதும் மேலே ஏறவில்லை. அடுத்த கணம் அதே பகுதியில், அல்லது அதன் அருகில், '3 மீ, 4' என்று ஏதோ தோன்றுகிறது. புதியவர் என்ன நினைப்பார்? இன்னும் 4 நிமிடம் இருக்கிறது என்று நினைப்பார். உண்மையில், 3 மீட்டரில் 4 நிமிடம் கட்டாயம் நின்றாக வேண்டும், அதற்கு முன் மேற்பரப்புக்கு வரக் கூடாது என்கிறது கருவி. அவர் கீழேயே இருக்க இருக்க அந்த 4, 6 ஆகும், 9 ஆகும். நேரம் கூடிக்கொண்டே போவதைப் பார்த்து மகிழ்ந்தால் நிலைமை மோசமாகிவிடும்.

இந்த மாற்றம் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியிலும் வேறு மாதிரி தெரியும். சிலவற்றில் நிறம் மாறும், சிலவற்றில் அம்புக்குறி வரும், சிலவற்றில் இதற்கு மேலே ஏறாதே என்று பொருள்படும் 'சீலிங்' என்ற சொல் வரும். பழைய கருவியில் பழகிய கண், புதிய திரையில் இதைத் தவறவிடுகிறது. இதைக் கடலில் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. பல மாடல்களில் சிமுலேட்டர் முறை இருக்கிறது, அல்லது தயாரிப்பாளரின் செயலியில் பாவனை டைவ் இருக்கிறது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, 30 மீட்டருக்குக் கருவியை இறக்கி, வேண்டுமென்றே டெகோவுக்குள், அதாவது கட்டாய நிறுத்தம் தேவைப்படும் நிலைக்குள், போகவிட்டு, திரை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு மெல்ல ஏற்றுங்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கச் சொல்லும் பாதுகாப்பு நிறுத்தம் எப்படித் தோன்றுகிறது, கட்டாய நிறுத்தம் எப்படித் தோன்றுகிறது என்று இரண்டையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். முன்னது பரிந்துரை, பின்னது கட்டளை.

திட்டமிடும் திரையையும் தட்டிப் பாருங்கள். டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணையில் காற்றில் முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். உங்கள் கருவி என்ன சொல்கிறது? வித்தியாசம் இருந்தால் அது கண்டிப்பு அளவாலா, வாயுவைத் தவறாகப் பதிந்ததாலா என்று தேடுங்கள். தவறான அமைப்பு இப்படித்தான் கரையிலேயே பிடிபடும்.

மேலேறும்போது

பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர் வேகத்துக்கு மேல் ஏறினால் அலாரம் அடிக்கும். அது அடிக்கடி ஒலிக்கிறதே என்று அணைத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு: மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்ற இடது கையால் குழாயைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது, அதே மணிக்கட்டில் உள்ள கம்ப்யூட்டர் சட்டென்று ஒரு கை நீளம் மேலே போகிறது. உடல் அசையவில்லை, ஆனால் கருவி அலறுகிறது. தீர்வு எளிது. கருவியை வலது மணிக்கட்டில் கட்டுங்கள், அலாரத்தை விட்டுவையுங்கள். நிறுத்தத்தில் நிற்கும்போது கருவியை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அழுத்தம் 2 பாரிலிருந்து 1 பாராகப் பாதியாகிவிடுகிறது. வேகம் மிக முக்கியமாவது இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

கருவியை ஏமாற்றுவது

ஒரு கம்ப்யூட்டரை இருவர் பகிர்ந்துகொள்வதும், காலையில் ஒருவர் கட்டியதை மதியம் மற்றவர் கட்டுவதும் கூடாது. அதில் இருப்பது முன்னவரின் நைட்ரஜன் கணக்கு. வாடகைக்கு எடுத்தால் பயணம் முடியும்வரை அதே கருவியை வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் நடுவில் பாட்டரி மாற்றினால் சில மாடல்களில் உடலில் எஞ்சிய நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். அப்புறம் அது உங்களைப் புது ஆளாகவே பார்க்கும். எனவே பாட்டரியைக் கிளம்பும் முன் மாற்றுங்கள், நீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் தலைமுடியோ மணலோ இல்லை என்று பாருங்கள்.

கட்டாய நிறுத்தத்தைத் தவறவிட்டுப் படகேறியவர், கருவி பூட்டிக்கொள்ளாமல் இருக்க அதைக் கயிற்றில் கட்டி 5 மீட்டருக்கு இறக்கித் தொங்கவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கருவியின் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நைட்ரஜன் அந்த மனிதரின் உடலில்தான் இருக்கிறது. அவர் படகில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேச வேண்டிய நேரம் அது.

விமானமும் மலையும்

டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டான் சொல்வது: ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம், கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட டைவுக்குப் பின் அதைவிடக் கணிசமாக அதிக நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். சுவராஜ் தீவில் கடைசி நாள் மதியம்வரை டைவ் செய்துவிட்டு, மறுநாள் அதிகாலை போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜய புரம்) சென்னை விமானத்தைப் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தும். விமானம் ஏறாதே என்று கருவி காட்டும் விமானக் குறி மறைந்துவிட்டதே என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பலரும் யோசிக்காதது மலைப் பயணம். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். காலையில் ராமேஸ்வரம் பக்கம் டைவ் செய்துவிட்டு இரவுக்குள் கொடைக்கானல் ஏறுவது, உடலைப் பொறுத்தவரை விமானம் ஏறுவதற்கு ஒப்பானது. கம்ப்யூட்டரைப் பையில் போட்டுவிட்டால் எச்சரிக்கக்கூட யாரும் இல்லை.

டைவுக்குப் பின் மூட்டுவலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி, தோலில் திட்டுத் திட்டாக நிறமாற்றம் இவற்றில் எது வந்தாலும், கம்ப்யூட்டர் எந்தத் தவறும் காட்டவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எல்லைக்குள் இருந்தவர்களுக்கும் அழுத்தத் தளர்வு நோய் வந்திருக்கிறது. உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை வசதி உள்ள மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். கருவியையும் கூடவே கொண்டுபோங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஏறினீர்கள் என்று மருத்துவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் அதன் பதிவில் பதில் இருக்கும்.