தக்காளி வயலை அக்வாகிராப் மாடலில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

வானிலை, மண், பாசனத்தை வைத்துப் பயிர் வளர்ச்சியையும் மகசூலையும் கணக்கிடும் மென்பொருள் அக்வாகிராப். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் இந்த மாடல் இலவசம், விண்டோஸ் கணினியில் ஓடும். தக்காளிக்கான பயிர்க் கோப்பும் அதிலேயே இருக்கிறது.

முதலில் வானிலை. தினசரி வெப்பநிலை (உச்சம், தாழ்வு), மழை, பென்மன்-மான்டீத் என்ற வானிலைச் சூத்திரத்தில் கணக்கிட்ட ஆவியுயிர்ப்பு (மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் ஆவியாகும் நீர்) வேண்டும். காற்று வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்ததென்றால் 0.75 ஆல் பெருக்கி 2 மீட்டர் உயர அளவாக்கிய பிறகே அந்தச் சூத்திரத்தில் சேருங்கள். இல்லையேல் நீர்த்தேவை ஏறிவிடும்.

பயிர்க் கோப்பில் அடிப்படை வெப்பநிலை (7 டிகிரி; இதற்குக் கீழே செடி வளராது), நீர் உற்பத்தித்திறன் (செடி ஆவியாக விடும் நீருக்கு உருவாகும் உலர்எடை) ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம். உங்கள் ரகத்துக்கேற்ப மாற்ற வேண்டியவை நடவு முறை, செடி எண்ணிக்கை, பூக்கும் நாள், முதிரும் நாள். 90 × 60 செ.மீ. இடைவெளி என்றால் எக்டருக்குச் சுமார் 18,500 நாற்று.

மண்ணுக்கு வயல் கொள்திறனும் (மிகுநீர் வடிந்தபின் மண் பிடித்துவைக்கும் ஈரம்) வாடல் நிலையும் (செடியால் அதற்குமேல் நீர் எடுக்க முடியாத ஈரம்) ஆய்வகத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். தொடக்க ஈரம் கொடுக்காவிட்டால் மண் முழுக் கொள்திறனில் இருப்பதாக மாடல் எடுத்துக்கொள்ளும். கோடையில் காய்ந்த நிலத்துக்கு இது பெரிய பொய்; முதல் சில வாரப் பாசனமே கணக்கில் குறைந்துபோகும்.

சொட்டுநீரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பாசன அளவை நனையும் பட்டைக்கு அல்ல, மொத்த வயல் பரப்புக்குக் கொடுக்க வேண்டும். செடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர், செடியின் பங்கு 0.54 சதுர மீட்டர்: அரை மணி நேரம் ஓட்டினால் 2 லிட்டர், அதாவது 3.7 மி.மீ. நனையும் பரப்பின் விழுக்காட்டை மாடல் தனியாகக் கேட்கும். அது மண்ணிலிருந்து ஆவியாவதைக் கணக்கிட மட்டும்.

ஓட்டியபின் மகசூலைப் பார்த்துத் திருத்தத் தொடங்காதீர்கள். வாரம் ஒருமுறை செடிக்கு மேலிருந்து செங்குத்தாகப் போட்டோ எடுத்து, பச்சை மூடிய விழுக்காட்டைக் கனோபியோ செயலியில் அளந்து, மாடலின் வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். அது பொருந்திய பிறகு மண் ஈரம், அப்புறம் உலர்எடை, கடைசியில்தான் மகசூல். முந்தைய படி தப்பாக இருக்கும்போது அடுத்த படியின் எண்ணைத் திருகிப் பொருத்தினால் அடுத்த பருவத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

மாடல் தருவது உலர் மகசூல். எக்டருக்கு 4.5 டன் என்று வந்தால், பழத்தில் உலர்பொருள் 5 விழுக்காடு என வைத்து 90 டன் புதுப்பழம். பூச்சி, இலைச்சுருட்டு வைரஸ் எதுவும் இதற்குத் தெரியாது. வைரஸ் வந்த வயலில் எடுத்த தரவை வைத்து மாடலைத் திருத்தாதீர்கள்.