மழை பெய்யும் மதியங்களுக்கு: சமையலறைப் பொருள்களில் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு

செந்தூலில் எட்டாவது மாடியில் எங்கள் வீடு. என் பிள்ளைகள் இருவரோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரையும் காலையிலிருந்து மாலை ஆறரை வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது, மூத்தவளுக்கு ஐந்து. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மதியம் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தால், கீழே திடலுக்குப் போவது அன்றைக்கு இல்லை. புகைமூட்டக் காலத்தில் சன்னலைக்கூடத் திறக்க முடியாது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைக் கைப்பேசியிடம் ஒப்படைக்க மனம் வராமல் ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

முதலில் நான் கைவேலைதான் செய்ய வைத்தேன். காகிதத்தில் விளக்கு, பஞ்சில் முயல், இப்படி. வெட்டியது நான், ஒட்டியது நான். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய், பசைக் கிண்ணத்தைக் கழுவ வைத்திருந்த தண்ணீரில் அரைமணி நேரம் விளையாடினார்கள். அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த வயதில் அவர்களுக்கு வேண்டியது ஊற்றுவது, பிசைவது, அழுத்துவது, கலக்குவது. செய்து முடித்த பொருள் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. கீழே இருக்கும் எல்லாமே அந்த எண்ணத்தில் செய்தவைதான். மாவு, உப்பு, அரிசி எல்லாம் சேர்த்து எனக்குப் பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

தொடங்கும் முன்

ஒரு பெரிய தாம்பாளம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உயரமாக இருந்தால் நல்லது. தரையில் பழைய பாயோ மேசை விரிப்போ போட்டு அதன் மேல் வையுங்கள். "விளையாட்டு இந்தத் தட்டுக்குள்ளே" என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்லுங்கள், நாலைந்து நாளில் பழகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டுதான். இரண்டை வைத்தால் இரண்டுமே பாழ்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழலை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழலுக்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியது. புளியங்கொட்டை, பொத்தான், பட்டாணி எல்லாம் அதில் அடங்கும்.

ஒன்றரை வயதுக்கு: தண்ணீர்

இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. குளியலறைத் தரையில் அகலமான பாத்திரம், அதில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு வடிகட்டி, ஒரு குவளை, ஒரு கரண்டி. அவ்வளவே. ஆனால் நீங்கள் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு மணி அடித்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், அதுவும் சத்தமே இல்லாமல் நடக்கும். முடிந்ததும் உடனே கவிழ்த்துவிடுங்கள். வாளியில் மிச்சம் வைத்தால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே இடம்.

இரண்டரை வயதுக்கு மேல்: உப்பு மாவு

கடையில் டப்பாவில் விற்கும் வண்ண மாவைவிட இது மென்மையாக இருக்கும். பச்சையாகப் பிசையும் முறையும் உண்டு, நான் அதைச் செய்வதில்லை. பச்சைக் கோதுமை மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் இருக்க மாட்டார்கள். அடுப்பில் கிண்டினால் அந்தக் கவலை குறையும், மாவும் கூடுதல் நாள் தாங்கும்.

வேண்டியவை: கோதுமை மாவு ஒரு கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் சட்டியில் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். தோசை மாவுபோலத் தளர்வாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

2. சிறு தீயில் வைத்து, களி கிண்டுவதுபோல விடாமல் கிண்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அப்புறம் அடியில் திடீரென்று திரளத் தொடங்கும். சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுருண்டு வந்ததும் இறக்கிவிடுங்கள். ஈரப் பளபளப்பு போயிருக்க வேண்டும். எனக்கு நாலைந்து நிமிடம் ஆகும்.

3. கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசையுங்கள். பிசையப் பிசையத்தான் வழவழப்பு வரும். ஒட்டினால் ஒரு சிட்டிகை மாவு, வெடித்தால் இரண்டு சொட்டு எண்ணெய்.

4. நிறம் வேண்டுமென்றால் இப்போது சேருங்கள். பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்த சாறு பச்சைக்கு, பீட்ரூட் சாறு இளஞ்சிவப்புக்கு. மஞ்சள்தூள் அழகாக இருக்கும், ஆனால் சுவரிலும் சட்டையிலும் போகாது.

முழுக்க ஆறிய பிறகு கொடுங்கள். சப்பாத்திக் குழவி, இடியாப்ப அச்சு, பழைய சீப்பு, முள்கரண்டி ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். எங்கள் வீட்டில் முறுக்கு அச்சுக்குத்தான் சண்டை.

இந்த மாவில் உப்பு மிக அதிகம். நாக்கில் பட்டால் துப்பிவிடுவார்கள், சரி. ஆனால் கடித்துத் தின்னும் பழக்கம் இருக்கிற பிள்ளைக்கு இதைத் தராதீர்கள், வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது. விளையாடி முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். நான் ஒருமுறை மேசை மேல் விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பிசுபிசுவென்று நீர் விட்டிருந்தது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும், பூசணம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்று வயதுக்கு: சங்குப்பூத் தண்ணீர்

எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நீலச் சங்குப்பூ இங்கே வேலியெங்கும் படரும். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள், பழைய தமிழில் கருவிளை. கிளந்தானின் நீலச் சோறு நாசி கெராபுவுக்கு நிறம் கொடுப்பது இந்தப் பூதான். புதுப் பூ கிடைக்காவிட்டால் காய்ந்த பூ கடையில் கிடைக்கும்.

பத்துப் பதினைந்து பூவை ஒரு குவளை வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். உடையாத பிளாஸ்டிக் குவளையாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் உள்ளே தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாதியாக வெட்டிய லீமாவ் கஸ்தூரி (இங்கே கிடைக்கும் சின்ன எலுமிச்சை), விதையை எடுத்துவிடுங்கள். இன்னொரு கிண்ணத்தில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா, சிறு கரண்டியோடு.

அப்புறம் நீங்கள் பேசக்கூடாது. "இப்போது பார், நிறம் மாறும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லாமல் போய்விடும்.

எதிர்வீட்டு மூன்று வயதுக்காரி முதல்நாள் செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எலுமிச்சைத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் மட்டும் ஊதா நூல்போல ஒன்று கீழே இறங்கியது. அவள் பிழிவதை நிறுத்திவிட்டாள். குனிந்து, மூக்கு குவளையில் முட்டும்வரை பார்த்தாள். இன்னொரு சொட்டு. இன்னொரு நூல். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, உள்ளே யாரு?" என்று கேட்டாள்.

புளிப்புச் சேர்ந்தால் நீலம் ஊதாவாகி, இன்னும் சேர்ந்தால் இளஞ்சிவப்புக்குப் போகும். ஆப்பச்சோடா போட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம், அமிலத்துக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் "புளிப்பு பட்டால் இந்தப் பூ வேறு நிறமாகும்" என்பதே போதும். பச்சைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துப் பொங்கும், அதற்காகக் குவளையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கலந்த தண்ணீரைக் குடிக்க விட வேண்டாம். எலுமிச்சைக் கை கண்ணில் பட்டால் எரியும் என்பதால் ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

நீலத் தண்ணீரை உப்பு மாவுக்கும் நிறமாகச் சேர்க்கலாம், ஆனால் அங்கே நீலம் கிடைக்காது. மாவில் ஏற்கெனவே எலுமிச்சை இருப்பதால் ஊதாதான் வரும். நீலமே வேண்டுமென்றால் உணவுச் சாயம்தான் வழி.

மூன்றரை, நான்கு வயதுக்கு: வண்ண அரிசி

தீபாவளிக்கு இங்கே பேரங்காடிகளின் நடுவில் வண்ண அரிசிக் கோலம் போடுவார்கள் இல்லையா, அதே அரிசிதான். வெளியே கோலத்தைத் தொட விட மாட்டார்கள். வீட்டில் கை முழுக்க அள்ளலாம்.

அரிசியை விளையாட்டுக்குத் தருவதா என்று என் அம்மா முகத்தைச் சுளித்தார். நியாயமான கேள்விதான். நான் மலிவான நொய்யரிசியில் இரண்டு கப் வாங்கி, அதையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன். தட்டுக்கு வெளியே போனதைக் காலில் மிதிபடாமல் உடனே பொறுக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அதுவும் மனதுக்கு ஒவ்வாது என்றால் உமியையோ மரத்தூளையோ தேடாதீர்கள், தூசி மூச்சில் போகும். இந்த விளையாட்டை விட்டுவிட்டு மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நிறத்துக்கு அரை கப் அரிசி, அரைத் தேக்கரண்டி வெள்ளை வினிகர், ஐந்தாறு சொட்டு உணவுச் சாயம். வினிகர் சேர்த்தால் நிறம் எல்லா அரிசியிலும் சீராகப் பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, மூடியை நீங்களே இறுக்கிவிட்டு, பிள்ளை கையில் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். இதுதான் அவர்களுக்கு முழு விளையாட்டே. ஒரு வெள்ளை அரிசிகூடத் தெரியாதவரை குலுக்கட்டும். பிறகு தாளில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் காய வையுங்கள். பால்கனியில் வைத்துவிட்டு மழையில் இழந்திருக்கிறேன். மறுநாள்தான் விளையாட்டு, ஈரம் இருந்தால் விரலெல்லாம் சாயம்.

காய்ந்த அரிசியைக் கொடுத்ததும் கோலம் போடச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், விடுங்கள். அள்ளுவதும் சாய்ப்பதும் கை பழகும் வேலை. தானாகத் தட்டில் விரலால் கோடு இழுக்கத் தொடங்கும்போது, பழைய அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிக் கொடுங்கள். ஒரு கரண்டி மாவை நாலு கரண்டி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. அதை விரலால் தடவி, மேலே அரிசி தூவி, ஐந்து எண்ணிவிட்டு அட்டையைத் தட்டில் தட்டினால், பசை இருந்த இடத்தில் மட்டும் கோலம் நிற்கும். என் ஐந்து வயதுக்காரி புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல் ஒரு பெரிய வட்டம் செய்து, அது மயில் என்றாள். வாசலில் மாட்டியிருக்கிறோம்.

அவசரத்துக்கு ஒன்று

எதுவும் தயாராக இல்லாத நாளில் வெண்டைக்காய். காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. அந்தக் காய்ச்சிய பசையில் சாயம் இரண்டு சொட்டு கலந்து, வெட்டிய முகத்தைத் தொட்டு, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குத்தலாம். பாகற்காய் வளையம் தரும். கத்தி உங்கள் கையில்தான்.

ஒதுக்கி வைப்பது

ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு ஈரத்துணி கொடுத்துவிடுகிறேன். ஒன்றரை வயதுக்காரன் தாம்பாளத்தைத் துடைக்கிறான், மற்றவர்கள் அரிசியைப் பொறுக்கி மைலோ டப்பாவில் போடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அதற்குள் கலந்துபோயிருக்கும். அதைப் பிரிக்க உட்காராதீர்கள். அடுத்த முறை அதற்குள் நாலைந்து பெரிய கரண்டிகளையும் ஒரு மூடியையும் புதைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.