ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன்: ஆடிட்டர் அலுவலகத்துக்கான சார்பின்மைச் சோதனை

புதிய கம்பெனியிலிருந்து சட்டத் தணிக்கைக்கு அழைப்பு வந்ததும் ஒப்புதல் கடிதத்தை அன்றே அடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அதோடு தரும் தகுதிச் சான்றிதழில், யார் ஆடிட்டராக இருக்கக் கூடாது என்று சொல்லும் கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 141 எங்களைத் தடுக்கவில்லை என்று உறுதி கூறுகிறீர்கள். அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு பார்ட்னரின் பங்கு முதலீடுகூட மொத்த அலுவலகத்தின் தகுதியையும் பறித்துவிடும்.

முதலில் கம்பெனியிடமிருந்து அதன் தாய், துணை, இணை நிறுவனங்களின் பெயர்களை எழுத்தில் வாங்குங்கள். தாய் நிறுவனத்தின் மற்ற துணை நிறுவனங்களும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எல்லா பார்ட்னர்களுக்கும் அனுப்பி, பங்கு, கடன், உத்தரவாதம், உறவினர் வகிக்கும் பதவி என நான்கையும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் பெறுங்கள். "எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதிலை ஏற்காதீர்கள். யாரும் யோசிக்காமலேயே எழுதித் தரும் வரி அது.

பார்ட்னர் பெயரில் ஒரு பங்கும் இருக்கக் கூடாது. உறவினருக்கு முகமதிப்பில் (பங்கின் மீது குறித்த மதிப்பு) 1 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. சந்தை விலையை இதற்குப் பார்ப்பதில்லை: 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு 500 ரூபாய்க்கு விற்றாலும் 10,000 பங்குகள் வரை வைத்திருக்கலாம். கம்பெனிக்குத் தர வேண்டிய கடனுக்கு வரம்பு 5 லட்சம், பிறர் அதற்குத் தர வேண்டிய கடனுக்கு நிற்கும் உத்தரவாதத்துக்கு 1 லட்சம். இவ்விரண்டும் உறவினருக்கும் பொருந்தும். உறுப்பினர்களிடமே சேமிப்பு வாங்கி அவர்களுக்கே கடன் தரும் ‘நிதி’ (Nidhi) கம்பெனிகளைத் தணிக்கை செய்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே பங்கு வாங்கி உறுப்பினரானால்தான் கணக்கே தொடங்க முடியும். ஆகவே பார்ட்னர் எப்போதோ தொடங்கி மறந்துபோன சேமிப்புக் கணக்கே தகுதியைக் கெடுக்கப் போதும். மனைவி அங்கே வாங்கிய நகைக்கடன் 5 லட்சத்தைத் தாண்டினாலும் அதே கதிதான்.

யார் உறவினர்? கணவன், மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். மாமனாரும் மைத்துனரும் இந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. இருந்தாலும் மாமனார் நிர்வாக இயக்குநராக இருக்கும் கம்பெனியை ஏற்காமல் விடுவதே முறை. அங்கே நீங்கள் தரும் தணிக்கை அறிக்கையை வங்கிக்காரர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

சிறிய அலுவலகங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பிரிவு 144. கணக்கு எழுதுதல், உள் தணிக்கை, நிதித் தகவல் அமைப்பை வடிவமைத்து நிறுவுதல், முதலீட்டு ஆலோசனை, நிர்வாகச் சேவை முதலியவற்றைத் தணிக்கை செய்யும் கம்பெனிக்கோ அதன் தாய், துணை நிறுவனங்களுக்கோ செய்யக் கூடாது. பார்ட்னர் கட்டுப்பாட்டிலுள்ள வேறு நிறுவனத்தின் பெயரில் பில் போட்டாலும் தடை நீங்காது. நடைமுறையில் நடப்பது என்ன? கம்பெனியின் கணக்காளர் வேலையை விட்டுப் போய்விடுவார். மார்ச் மாத என்ட்ரிகளை நம்மிடம் சி.ஏ. பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவரே டாலி கணக்கு மென்பொருளில் போட்டு முடிப்பார். பிறகு அதிலிருந்து வரும் டிரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) அவரே சரிபார்ப்பார். தன் கையால் எழுதியதில் தன் தவறே கண்ணுக்குத் தெரியாது. எனவே நம் ஆட்களுக்குப் பார்வையிட மட்டும் அனுமதியுள்ள டாலி பயனர் கணக்கு கேளுங்கள். திருத்தங்களைப் பட்டியலாகக் கொடுங்கள். ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுத்துப் பதிவது கம்பெனியின் வேலை. யார், எந்தத் தேதியில் ஏற்றார் என்பதைக் கோப்பில் வையுங்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் இயக்குநர் குழு அல்லது தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

பணியாளர்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்துப்பூர்வ உறுதிமொழி வாங்குங்கள்; தணிக்கை அலுவலகங்களுக்கான தரநிலை அதைக் கேட்கிறது.

நடுவில் சிக்கல் முளைத்தால்? உறவினரின் பங்கு வரம்பை மீறியிருந்தால் சரிசெய்ய 60 நாள் உண்டு. கடனுக்கோ பார்ட்னர் சொந்தமாக வாங்கிய பங்குக்கோ அந்த அவகாசம் கிடையாது. பதவி அப்போதே காலியாகிவிடும். அதன்பின் அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள். கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இயக்குநர் குழு 30 நாளுக்குள் வேறு ஆடிட்டரை நியமிக்க வேண்டியிருக்கும்.