ஊர்க் கோவிலில் கல்யாணமா? முதலில் ஓலைக்கு வழி பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வர டிக்கெட் எடுத்து, மண்டபமும் பேசி முடித்துவிட்டு, அப்புறம் கோவில் சாமியாருக்கு, அதாவது பங்குத்தந்தைக்கு, போன் போடுகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கக் குடும்பமென்றால் முதல் போன் சாமியாருக்குத்தான் போக வேண்டும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமெல்லாம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்த முறை இது. வாசிக்கும்போது நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காகிதங்கள் முன்பே வந்திருக்க வேண்டும்.

அதில் முக்கியமானது ஞானஸ்நானச் சான்றிதழ். அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய தாள் உதவாது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். ஒருவருக்குத் திருமணம் ஆனால், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டில் அதைக் குறித்துவைப்பார்கள். புது நகலைப் பார்த்தாலே ஏற்கெனவே மணமானவரா என்று தெரிந்துவிடும். துபாயிலோ பாரிஸிலோ ஞானஸ்நானம் பெற்றவர்கள் அங்கேயே எழுதி வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். இப்போது நீங்கள் வசிக்கும் இடத்துப் பங்குக் கோவிலிலிருந்து, தடையில்லை என்ற கடிதமும் கேட்பார்கள். திருமண ஆயத்த வகுப்பை வெளிநாட்டிலேயே முடிக்கலாம். அந்தச் சான்று இங்கே செல்லுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தமென்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நமக்கு அது முறைப்பெண், முறைமாப்பிள்ளை. திருச்சபைச் சட்டத்துக்கு அது தடை. மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் விதிவிலக்கு வாங்கினால்தான் கல்யாணம் செல்லும். நீங்கள் சொல்லாவிட்டால், முதல் ஓலை முடிந்ததும் யாராவது ஒரு பெரியப்பா போய்ச் சொல்லிவிடுவார். கிறிஸ்தவர் அல்லாதவரை மணப்பதற்கும் ஆயரின் விதிவிலக்கு வேண்டும்.

சினிமாவில் வருவதுபோல பூசை நடுவே எழுந்து 'நிறுத்துங்கள்' என்று யாரும் கத்தப்போவதில்லை. தனியாகப் போய்ச் சாமியாரிடம் சொல்வதுதான் முறை. பழைய காதலெல்லாம் தடையில் சேராது, பயப்பட வேண்டாம். முந்தைய திருமணம் இருந்தால்தான் சிக்கல். நீதிமன்ற விவாகரத்து மட்டும் கோவிலுக்குப் போதாது.

லீவு குறைவாக இருந்தால் ஓலையைக் குறைக்க முடியுமா என்று சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், மறைமாவட்ட விதிகள் இடம்கொடுக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் ஓலை உண்டு. நடைமுறையை அந்தந்தப் போதகரிடம் கேளுங்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடுங்கள். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். வாழ்க்கைத்துணைக்கு விசா எடுக்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.