பழைய போர்ஷே 911 வாங்கும் முன்: டிக்கி மூடியில் உள்ள ஆப்ஷன் ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 2006 மாடல் 911 கரேரா எஸ் ஒன்று என்னை நன்றாகக் குழப்பியது. 911-இன் 997 என்ற தலைமுறை, மேனுவல் கியர். பின்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறது, சீட் ஹீட்டர் இருக்கிறது, டாஷ்போர்டின் மேல் ஸ்போர்ட் குரோனோ ஆப்ஷனோடு வரும் ஸ்டாப்வாட்ச் கடிகாரமும் இருக்கிறது. ஆனால் சஸ்பென்ஷனை இறுக்கவும் தளர்த்தவும் கரேரா எஸ்ஸில் வழக்கமாக வரும் பாஸம் பட்டனைக் காணோம். மழைக்கும் குளிருக்கும் வசதி தேடியவர் அந்த பட்டனை மட்டும் ஏன் விட்டார்? யாராவது பிறகு கழற்றிவிட்டார்களா? விற்பவர் மூன்றாவது உரிமையாளர், அவருக்குத் தெரியவில்லை. பதில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருந்தது. கார் எந்தெந்த ஆப்ஷன்களோடு, அதாவது கூடுதல் வசதிகளோடு, தொழிற்சாலையை விட்டு வந்தது என்று எண்களில் சொல்லும் ஸ்டிக்கர் அது. அதைப் படிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஸ்டிக்கரைக் கண்டுபிடியுங்கள்

முன்பக்க டிக்கியைத் திறந்து மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் சேஸிஸ் எண், எஞ்சின், கியர்பாக்ஸ் குறியீடுகள், பெயிண்ட், உள்அலங்காரம், அதற்குக் கீழே வரிசையாக மூன்று இலக்க எண்கள். இதே ஸ்டிக்கரின் நகல் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்து, எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 2: மாடல் ஆண்டை உறுதிசெய்யுங்கள்

சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்துதான் மாடல் ஆண்டு. 5 என்றால் 2005, 6 என்றால் 2006. 2009 வரை இப்படியே போய், 2010-க்கு ‘ஏ’ வரும். 2005 அக்டோபரில் பதிவான கார் 2006 மாடலாக இருக்கலாம். அதனால் பதிவுப் புத்தகத்தில் உள்ள தேதியை நம்ப வேண்டாம். பதினொன்றாவது எழுத்து தொழிற்சாலை. 911 என்றால் ‘எஸ்’, அதாவது ஸ்டட்கார்ட். போர்ஷேயின் மற்ற மாடல்களான பாக்ஸ்டர், கேமன் பார்ப்பவர்களுக்கு ‘யு’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவை பின்லாந்தின் ஊசிகௌபுங்கியில் செய்யப்பட்டவை.

எஞ்சின் குறியீட்டையும் ஒருமுறை பாருங்கள். 3.8 லிட்டர் கரேரா எஸ்ஸுக்கு எம்97.01, சாதாரண 3.6 கரேராவுக்கு எம்96.05. பின்னால் ‘எஸ்’ எழுத்து ஒட்டியிருப்பதை விட இது நம்பகமான சாட்சி. முதல் உரிமையாளரே 498 என்ற ஆப்ஷனில் பின்பக்க மாடல் பெயரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

படி 3: எண்களை மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்

அடிக்கடி கண்ணில் படுபவை இவை. 425 பின் வைப்பர். 342 சீட் ஹீட்டர். 650 சன்ரூஃப். 680 போஸ் ஒலிபெருக்கி. 640 ஸ்போர்ட் குரோனோ பிளஸ். 450 செராமிக் பிரேக். 249 டிப்ட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ‘சி’ என்று தொடங்குவது நாடு: சி00 ஜெர்மனி, சி16 பிரிட்டன், சி02 அமெரிக்கா. ‘எக்ஸ்’ என்று தொடங்கினால் போர்ஷேயின் எக்ஸ்க்ளூசிவ் பிரிவு வாடிக்கையாளர் விருப்பப்படி செய்துகொடுத்த தோல், அலங்கார வேலை.

இணையத்தில் எண்ணைப் போட்டால் விளக்கம் சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. முதல் பார்வைக்குச் சரி, ஆனால் பல தலைமுறைக் கார்களை ஒரே பட்டியலில் கலந்துவிடுகின்றன. எனக்குப் பிடித்தது அந்த ஆண்டு, அந்த நாட்டுக்கு வந்த பழைய விலைப்பட்டியல் புத்தகம். ஸ்கேன் பிரதிகள் தேடினால் கிடைக்கும். எந்த ஆப்ஷனோடு எது சேராது என்பதையும் அதில்தான் பார்க்க முடியும்.

படி 4: இல்லாததைப் படியுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், நீங்களும் நிதானமாகப் போங்கள்.

விலைப்பட்டியலில் ஸ்டாண்டர்டாக வருவது எது, தனியாகப் பணம் கொடுக்க வேண்டியது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரண கரேராவுக்கு பாஸம் காசு கொடுத்து வாங்க வேண்டியது, எண் 475. கரேரா எஸ்ஸில் அது கூடவே வரும். அப்படியென்றால் எஸ்ஸில் பட்டன் இல்லாமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

ஸ்டிக்கரில் 030 இருந்தது. ஸ்போர்ட் சஸ்பென்ஷன். பாஸம் காரை 10 மி.மீ. தாழ்த்துகிறது, இது 20 மி.மீ. தாழ்த்துகிறது, பட்டன் கிடையாது, எப்போதும் இறுக்கம்தான். இதோடு மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும் (ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) சேர்ந்தே வரும். பழைய 911-களில் டிஃபரென்ஷியலுக்கு 220 என்று தனி எண் உண்டு. அதை மட்டும் தேடுகிறவர்கள் 030-க்குள் அது இருப்பதைக் கவனிக்காமல் நல்ல காரை விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு அப்புறம் அந்தக் கலவை எனக்கு விசித்திரமாகவே தெரியவில்லை. ஆர்டர் கொடுத்தவர் வளைவுகளில் ஓட்டத் தெரிந்தவர், அதுவும் பிரிட்டன் மழையில் வருடம் முழுக்க ஓட்ட நினைத்தவர். வைப்பரும் சீட் ஹீட்டரும் டிஃபரென்ஷியலும் ஒரே மனிதரின் தேவைதான். பேசிப் பார்க்காத ஒருவரின் விருப்பத்தை இப்படி எண்களிலிருந்து அறிவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் வேலை.

படி 5: காரில் சரிபாருங்கள்

ஸ்டிக்கர் சொல்வது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலை. 450 என்று இருந்தும் இரும்பு டிஸ்க் மாட்டியிருந்தால், செராமிக் டிஸ்க்குகள் எங்கே என்று கேளுங்கள். அவற்றின் விலை காரணமாகப் பலர் மாற்றிவிடுகிறார்கள். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால் காரோடு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம், குரோனோ எண் ஸ்டிக்கரில் இல்லாமல் மேலே கடிகாரம் மட்டும் இருந்தால் அது பிறகு பொருத்தியது. ‘ஸ்போர்ட்’ பட்டன் இருக்கிறதா, அழுத்தினால் ஆக்ஸிலரேட்டருக்கு எஞ்சின் பதில் சொல்லும் வேகம் மாறுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

ஆப்ஷன்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எஞ்சின் நலம் வேறு விஷயம். எம்97.01-இல் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் பிரச்சினை தெரிந்ததே. போரோஸ்கோப் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன கேமரா) விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

டிக்கி மூடியில் ஸ்டிக்கரே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மூடியை மாற்றியிருக்கலாம் அல்லது உட்புறம் வரை பெயிண்ட் அடித்திருக்கலாம். முன்பக்கம் அடிபட்டதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். சர்வீஸ் புத்தகமும் தொலைந்திருந்தால், சேஸிஸ் எண்ணையும் உரிமை ஆவணத்தையும் கொண்டு அதிகாரபூர்வ டீலரிடம் போய், கார் தயாரானபோது இருந்த விவரங்களைக் கேளுங்கள்.

இன்னொருவர், 030 இருந்தும் டிஃபரென்ஷியல் உள்ளே இருக்கிறதா என்று எப்படி அறிவது என்று கேட்டார். காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் வேலை செய்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால், ஒன்று அது இல்லை, அல்லது உள்ளே இருக்கும் தட்டுகள் தேய்ந்துவிட்டன. எண் 030 என்று இருந்து சக்கரம் எதிராகச் சுற்றினால், பெரும்பாலும் தேய்மானம்தான். தட்டு மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.