ஒற்றை எஞ்சினா, இரட்டை எஞ்சினா? போர் விமானத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு எஞ்சின் போனாலும் இன்னொன்று காப்பாற்றும்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் இரட்டை எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் தவறு இங்கேதான். எஞ்சின் இரண்டானால் எஞ்சின் கோளாறும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஒரு லட்சம் பறப்பு மணிக்கு எஞ்சினால் எத்தனை விமானங்கள் விழுந்தன என்பதே பார்க்க வேண்டிய கணக்கு. அதிலும் எஞ்சின் புதிதாக வந்த ஆண்டுகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். இரட்டை எஞ்சின் எஃப்-15, ஒற்றை எஞ்சின் எஃப்-16 இரண்டுக்கும் பொதுவான எஃப்100 எஞ்சின், தொடக்கத்தில் நிறையத் தொல்லை கொடுத்து, பிறகுதான் பக்குவப்பட்டது.

மிஞ்சிய எஞ்சின் எப்போதும் காப்பாற்றும் என்று நம்புவது அடுத்த தவறு. 1989 பாரிஸ் விமானக் கண்காட்சியில் இரட்டை எஞ்சின் மிக்-29 மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறந்தபோது, வலது எஞ்சினுக்குள் பறவை புகுந்தது. விமானம் தரையில் மோதியது. 2010இல் கனடாவின் லெத்பிரிட்ஜில் சிஎஃப்-18 என்ற இரட்டை எஞ்சின் போர் விமானத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். இரண்டு விபத்திலும் விமானி குதித்துத் தப்பினார். வேகம் குறைவாக இருக்கையில் ஒரு பக்கத்து முழு உந்துவிசை மூக்கைத் திருப்பிவிடும். அதைத் தடுக்கச் சுக்கானுக்குப் போதிய காற்றோட்டம் இருக்காது. ஆகவே உற்பத்தியாளரிடம் கேளுங்கள்: கடும் வெயில் நாளில், முழு ஆயுதச் சுமையோடு, ஓடுபாதையை விட்டு எழும்பும் நொடியில் ஒரு எஞ்சின் நின்றால் ஏறும் வேகம் எவ்வளவு? கட்டுப்பாடு நிலைக்கும் குறைந்தபட்ச வேகம் எது? ஒரு எஞ்சினின் பிளேடு உடைந்து சிதறினால் பக்கத்து எஞ்சினின் எரிபொருள் குழாய் தப்புமா? திரவ அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் உண்மையிலேயே தனித்தனியா?

எஞ்சின் எண்ணிக்கையை வைத்துப் பலத்தை எடைபோடவும் கூடாது. ரஃபாலின் இரண்டு எம்88 எஞ்சின்களும் சேர்ந்து தரும் உந்துவிசை சுமார் 150 கிலோநியூட்டன். எஃப்-35இன் ஒற்றை எஃப்135 மட்டுமே சுமார் 191.

விமானத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். 40 விமானங்களுக்கு 15 விழுக்காடு உதிரி எஞ்சின் வைத்தால், ஒற்றைக்கு 46 எஞ்சின் போதும், இரட்டைக்கு 92 வேண்டும். ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீராக்குதல்), சோதனை மேடை நேரம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் பின்தொடரும். சிறிய எஞ்சின் ஒவ்வொன்றும் மலிவு என்பது இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

கடலும் பனியும் இருந்தால் இரட்டைதான் என்று முடிவு கட்டுவதும் அவசரம். நார்வே 1980 முதல் 2022 வரை வடகடல்களின் மேல் எஃப்-16களையே பறக்கவிட்டது; இப்போது அங்கே எஃப்-35. இரட்டை எஞ்சின் விமானம் வைத்திருந்த கனடாவும் 2023இல் 88 எஃப்-35களை வாங்க முடிவெடுத்தது. நெடுந்தூரம், கனத்த ஆயுதம், பெரிய ராடார் மூன்றும் ஒருங்கே தேவைப்பட்டால் மட்டும் பெரிய இரட்டை எஞ்சின் விமானத்துக்கு வலுவான நியாயம் உண்டு.

பலரும் மறப்பது, படை முழுதும் ஒரே வகை எஞ்சினை நம்பியிருப்பதை. 2014இல் அமெரிக்காவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் ஒரு எஃப்-35இன் எஞ்சின் தீப்பிடித்தபோது அந்த வகை விமானங்கள் அனைத்தும் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டன. இந்த ஆபத்திலிருந்து இரட்டை எஞ்சினும் காக்காது. இரண்டும் ஒரே வகைதானே. அமெரிக்கா 1980களில் எஃப்-16க்கு எஃப்100, எஃப்110 என இரு நிறுவனங்களின் எஞ்சின்களை வாங்கியது. சிறிய படையால் அது முடியாவிட்டால், பழைய விமான வகை ஒன்றையாவது புதியது பக்குவப்படும்வரை பறக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.